பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

மல்லாங்கிணறு என்று சொன்னதுமே வெளியூர்க்காரர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். முதல் கேள்வி, "எங்கே சார் இருக்கு?" விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவில் என்று சமாளித்துவிடலாம். இரண்டாவது, "கிணறு இன்னும் இருக்கா?" இதற்கு நாம் வாயைத் திறப்பதற்குள் மனிதர் மூன்றாவதுக்குத் தாவியிருப்பார். "ஓ! எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் ஊராச்சே! கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் ஊராச்சே!"

ஆமாம், சாட்சாத் அவர்கள் ஊர்தான். அதற்காக இங்கே எல்லோரும் பேனாவும் கையுமாக அலைகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒரு சர்க்கார் இலாகாவில் ஓவர்சியராக இருந்து ரிடையர் ஆனவன். முப்பது வருஷம் நான் எழுதியதெல்லாம் எஸ்டிமேட்தான். அதில் கற்பனை எவ்வளவு சதவிகிதம் என்று மட்டும் கேட்கக் கூடாது!

அப்படிப்பட்டவன் இப்போது ஒரு பள்ளிக்கூட விஷயமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தை எங்கே கட்டுவது என்பது ஏதோ என்ஜினீயர் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு ஊர் தங்குமா, கலையுமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

விஷயம் இதுதான். என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊர் எங்களூரிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். பெயர் வேண்டாம். அங்கே ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது. ஓட்டுக் கட்டடம், முப்பது சென்ட் இடம், ஒரு கிணறு, இரண்டு வேப்ப மரம். ஊர்க்காரர் ஒருவர் எழுதிக்கொடுத்த நிலம். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே திண்ணையில் உட்காரட்டும் என்றுதான் சரியாக நடுவில் பார்த்துக் கொடுத்தாராம் அந்தப் புண்ணியவான்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பாழடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க ஆரம்பித்தார்கள். செய்ய வேண்டியதுதான். நம் ஓட்டுக் கட்டடத்துக்கும் சீட்டு கிழிந்தது. ஒரே நாளில் ஜே.சி.பி. வந்து தரைமட்டமாக்கிவிட்டுப் போய்விட்டது.

புதுக் கட்டடம் வரும்வரை எங்கே நடத்துவது? ஊருக்கு வெளியே, பெரிய ரோட்டைத் தாண்டி, இரண்டு கிலோமீட்டரில் ஒரு சமுதாயக்கூடம் சும்மா கிடந்தது. அங்கே போகச் சொல்லிவிட்டார்கள். தற்காலிகம்தானே!

நம் ஊரில் 'தற்காலிகம்' என்ற வார்த்தைக்கு எவ்வளவு ஆயுசு என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு நாள் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போண்ணே. புதுப் பள்ளிக்கூடத்தையும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே கட்டப் போறாங்களாம்."

"கட்டட்டுமே, உனக்கென்ன?"

"எனக்கென்னவா? வந்து பாரு, தெரியும்."

போனேன். பார்த்தேன். தங்கச்சியின் மருமகள் பயராபீஸில் வேலை பார்க்கிறாள். (எங்கள் பக்கம் பட்டாசு ஃபாக்டரிக்கு அதுதான் பெயர். தீப்பெட்டி கம்பெனி என்றால் தீப்பெட்டி ஆபீஸ். நாற்காலி, மேஜை, ஃபேன் எல்லாம் தேடக் கூடாது.) காலையில் ஏழு மணிக்கு ஆபீஸ் வண்டி தெரு முனைக்கே வந்து ஆரன் அடிக்கிறது. அவள் தூக்குவாளியோடு ஓடி ஏறிவிடுகிறாள். மகன் வெளியூரில் லாரியில். தங்கச்சிக்கு முழங்கால் வலி, வாசலைத் தாண்டினால் பெரிசு. பேரன் இரண்டாம் வகுப்பு. அவனை ரோடு தாண்டி யார் கூட்டிப் போவது?

பேத்திதான். அவள் ஏழாம் வகுப்பு. தம்பியை இரண்டு கிலோமீட்டர் நடத்திக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து தன் பள்ளிக்கூடத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும். பஸ் அதற்காக நிற்குமா? வாரத்தில் இரண்டு நாள் முதல் பீரியட் போச்சு. அப்புறம் இரண்டு நாள் பள்ளிக்கூடமே போச்சு. "டீச்சர் திட்டுறாங்க தாத்தா, நான் பேசாம வீட்டுலயே இருந்துடுறேன்" என்று அந்தப் பிள்ளை சர்வ சாதாரணமாகச் சொன்னபோது எனக்குச் சொரேர் என்றது.

ஏனென்றால், இந்தப் படத்தின் முதல் பாகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

1980-களின் ஆரம்பம். அப்போது விருதுநகர் மாவட்டமே கிடையாது, 1985-ல்தான் பிரித்தார்கள். எல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். புதுசாக வேலைக்குச் சேர்ந்து சிவகாசியில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். விடியற்காலை நாலு மணிக்குத் தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும். ஜன்னலைத் திறந்து பார்த்தால், சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆள் ஏற்றி வரும் பஸ். உள்ளே தூங்கி வழிகிற முகங்களில் பாதி, பத்து வயசு பன்னிரண்டு வயசுப் பெண் குழந்தைகள். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு தூங்கும்.

பிறகு சட்டங்கள் வந்தன. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. சிறப்புப் பள்ளிகள் திறந்தார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்தால், ஒரு குழந்தைக்கு இருபதாயிரம் ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி பார்க்க வேண்டும் என்றது. அந்த வழக்கே சிவகாசியை வைத்துத்தான். இன்றைக்கு அந்த நாலு மணி பஸ்ஸில் குழந்தைகள் இல்லை. பெரிய விஷயம். அதற்குப் பாடுபட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு கும்பிடு.

ஆனால் அன்றைக்கு அந்த ஜன்னலில் நின்று நான் யோசித்தது ஒன்று உண்டு. ஆபீஸ் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. பள்ளிக்கூடம் வரவில்லை. குழந்தை எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போனது. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கை எனக்கு வெகு காலம் முன்பே போட்டவர் எங்கள் ஜில்லாக்காரர். காமராஜர்! பக்கத்தில் பள்ளிக்கூடம், பகலில் சோறு. இரண்டையும் சேர்த்தால்தான் ஏழைப் பிள்ளை வரும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. 1956-ல் மதிய உணவு ஆரம்பித்தார். 1958-ல் திருவள்ளூர்ப் பக்கம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னால் நின்று நடத்தினார். அப்புறம் ஊர் ஊராக மாநாடு. ஒருவர் நிலம் கொடுத்தார், ஒருவர் பெஞ்சு கொடுத்தார், ஒருவர் கடிகாரம் கொடுத்தார். கொடுக்க ஒன்றுமில்லாதவர் மண் சுமந்தார். பள்ளிக்கூடம் சர்க்காருடையது என்பது போய், 'நம்ம பள்ளிக்கூடம்' ஆயிற்று.

காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையே பிடி அரிசியில் வளர்ந்ததுதான். வீட்டுக்கு வீடு உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அது பள்ளிக்கூடத்துக்கு. தினமும் ஒரு பிடி போட்டவள், அந்தப் பள்ளிக்கூடத்து ஜன்னல் உடைந்தால் சும்மா இருப்பாளா? வாத்தியாரையே ஒரு வழி பண்ணிவிட மாட்டாளா!

சரி, தங்கச்சி ஊருக்கு வருவோம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று சொன்னார்கள். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் கொடுத்த குழு இது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றை அந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. கூட்டத்தில் டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

வேப்ப மரத்தடியில் கூட்டம். யூனியன் ஆபீஸிலிருந்து ஒரு என்ஜினீயர் தம்பி வந்திருந்தார். நல்ல பையன். லேப்டாப்பைத் திறந்து விளக்கினார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஏக்கர் புறம்போக்கு காலியா இருக்கு சார். இங்கே முப்பது சென்ட்தான். அங்கேன்னா லாரி நேரா உள்ள போயிடும். கான்ட்ராக்டருக்கு ஈஸி."

"கான்ட்ராக்டர் ஆறு மாசம் வருவார் தம்பி. பிள்ளைங்க அறுபது வருஷம் வரணும்" என்றேன்.

தம்பி சிரித்துவிட்டார். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புறம்போக்கை ஒட்டி அவருக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. ஏற்கெனவே கல் ஊன்றி, கலர் கலராகக் கொடி நட்டு, 'நகர்' என்று போர்டும் வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்தால் சென்ட் விலை எங்கேயோ போய்விடும்.

"ஊரு வளர வேண்டாமாய்யா? இந்தக் காலத்துலயும் பொந்துக்குள்ளயே பள்ளிக்கூடம் கட்டிக்கிட்டிருந்தா எப்படி? ப்ளே கிரவுண்டு வேணும்ல?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விளையாட்டு மைதானம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால் அண்ணாச்சியை வில்லனாக்கி ஒதுக்கிவிட முடியாது. அவர் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் சார்ட் பேப்பரில் ஒரு பிளான் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பழக்க தோஷம். அதைப் பிரித்து மரத்தில் குத்தினேன்.

பழைய இடத்திலேயே வகுப்பறைகள். தெருவைப் பார்த்த மாதிரி ஓர் அறை மட்டும் தனி. அதற்குத் தெருப் பக்கமும் ஒரு கதவு. பகலில் பிள்ளைகளுக்கு வாசிப்பறை. சாயங்காலம் உள் கதவைப் பூட்டிவிட்டுத் தெருக் கதவைத் திறந்தால் ஊருக்குப் படிப்பகம். மகளிர் குழு கூடலாம், தடுப்பூசி போடலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கலாம். வகுப்பறைக்குள் ஒருவரும் போகத் தேவையில்லை.

தேர்தல் வந்தால் பள்ளிக்கூடம்தானே வாக்குச்சாவடி! சாய்தளம், குடிதண்ணீர், பல்பு எல்லாம் ஓட்டுப் போடுகிற அன்றைக்கு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அதையே நிரந்தரமாக வைத்துவிட்டால் என்ன? கால் நடக்க முடியாத பிள்ளை தினமும் வருகிறதே! 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம் வந்ததே, ஜனங்கள் எங்கே ஓடினார்கள்? பள்ளிக்கூடத்துக்குத்தான். ஜப்பானிலும் நிலநடுக்கம் வந்தால் ஓடிப்போய்த் தங்குகிற இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ராத்திரியில் கிழவிகளைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது?

அடுத்தது தண்ணீர். இது என் சொந்த இலாகா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். கூரை 2,500 சதுர அடி, அதாவது சுமார் 230 சதுர மீட்டர். நம் ஜில்லாவில் வருஷத்துக்குச் சுமாராக 800 மில்லிமீட்டர் மழை. பெருக்கினால் 1,84,000 லிட்டர். வழிந்தது, ஆவியானது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபது லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 800 லிட்டர். ஆக, சுமார் 180 நாளைக்குத் தண்ணீர் தலைக்கு மேலேயே இருக்கிறது! ஆரம்பப் பள்ளிக்கு வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள் என்றுதான் சட்டமே சொல்கிறது. அவ்வளவையும் தொட்டி கட்டித் தேக்க முடியாது. குடிக்கவும் கை கழுவவும் ஒரு தொட்டி, மிச்சத்தை வடிகட்டிப் பள்ளிக்கூடக் கிணற்றுக்குள் விட்டால் ஊருக்கே ஊறும்.

"பெயர்லயே கிணறு இருக்கிற ஊர்க்காரர், கிணத்தை விட மாட்டேங்கிறாரே" என்று யாரோ சொல்ல, கூட்டத்தில் ஒரே சிரிப்பு.

"அது சரி, மைதானம்?" அண்ணாச்சி விடவில்லை.

பள்ளிக்கூடத்தை ஒட்டிக் களம் இருக்கிறது. ஒரு காலத்தில் கதிரடித்த களம். இப்போது அறுவடை மெஷின் வந்த பிறகு, மல்லியும் மிளகாயும் காயப்போடுகிற சில வாரங்கள் தவிர, வருஷம் முழுக்க நாய்கள்தான் படுத்திருக்கின்றன. அந்தச் சில வாரம் விவசாயிக்கு, மிச்ச நாள் பிள்ளைகளுக்கு என்று ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்து எழுதி வாங்கினால் முடிந்தது. ஒரு பைசா செலவில்லை.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஹென்றி மோரிஸ் என்று ஒரு கல்வி அதிகாரி. கேம்பிரிட்ஜ் சுற்றுக் கிராமங்களிலிருந்து இளவட்டங்கள் பட்டணத்துக்கு ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, 1924-ல் ஒரு யோசனை எழுதினார். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி, சாயங்காலம் பெரியவர்களுக்கு நூலகம், மன்றம், தொழில் வகுப்பு. எல்லாம் ஒரே வளாகத்தில். 1930-ல் சாஸ்டன் என்ற ஊரில் முதலாவதைத் திறந்தார்கள். அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் 1929-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். குடியிருப்புக்கு நடுவில் பள்ளிக்கூடத்தை வை. பெரிய ரோடு ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகட்டும். எந்தக் குழந்தையும் அதைத் தாண்ட வேண்டி வரக் கூடாது என்றார். நம் ஊரில் நிலம் கொடுத்த அந்தப் புண்ணியவான் பெர்ரியைப் படித்திருக்க நியாயமில்லை. ஆனால் சொன்னது அதேதான்!

இவ்வளவும் பேசி முடித்து நான் தண்ணீர் குடித்தேன். கூட்டம் அமைதியாக இருந்தது. இந்த மாதிரி அமைதிக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று ஒத்துக்கொண்டார்கள், இல்லை, ஒன்றும் புரியவில்லை. எதுவென்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தங்கச்சியின் மருமகள் எழுந்தாள். பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவள். விரல் நகத்தில் இன்னும் மருந்துச் சாயம் போகவில்லை.

"பெரியப்பா சொன்ன கணக்கெல்லாம் எனக்கு வெளங்கல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். ஆபீஸ் வண்டி எங்க தெரு முக்குல வந்து நிக்குது. ஒரு நாளும் என்னைய ரோட்டத் தாண்டி வான்னு சொன்னதில்ல. அவனுக்கு ஆள் வேணும், அதனால வாரான். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைக வேண்டாமா? அது மட்டும் எதுக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகுது?"

அவ்வளவுதான் பேசினாள். உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஒரு மணி நேரம் பேசியதை அவள் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். காலனிப் பக்கமிருந்து இன்னொரு அம்மா எழுந்தார். "எங்களுக்கு மூணு கிலோமீட்டர் ஆகும் சார். எங்க தெருவுல ஏழு பிள்ளைக இப்ப வீட்டுல நிக்குது." அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். என்ஜினீயர் தம்பி லேப்டாப்பை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தார். நல்ல அறிகுறி!

பழைய இடத்திலேயே கட்ட வேண்டும், களத்தை மைதானமாகப் பயன்படுத்த வேண்டும், தெருப் பக்க அறை வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். குழுத் தலைவி ஒரு சத்துணவுக் கூட உதவியாளரின் மகள்; முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார். "மேலே அனுப்பிப் பரிசீலிக்கிறோம்" என்றார் தம்பி. இந்தப் 'பரிசீலனை'யை நானே சர்வீஸில் ஆயிரம் தடவை எழுதியவன். அதனால் தீர்மானத்தின் நகலில் சீல் வாங்காமல் அவரை ஜீப்பில் ஏற விடவில்லை.

ஐந்து மாதம் கழித்து, பழைய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மழைநீர்த் தொட்டி எஸ்டிமேட்டில் அடிபட்டுவிட்டது. ஊரில் வசூல் பண்ணிக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிடி அரிசி போட்ட ஜில்லாவாச்சே, கட்டிவிடுவார்கள். வகுப்புகளை இப்போதைக்கு ஊருக்குள்ளேயே ஒரு வீட்டுத் திண்ணைக்கும் அங்கன்வாடிக்கும் மாற்றியாயிற்று. ரோட்டைத் தாண்டுகிற வேலை இல்லை.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் பள்ளிக்கூடம் இடிபட்டிருக்கலாம், கட்டப்படலாம், பிள்ளைகள் குறைந்து மூடுகிற பேச்சுகூட வரலாம். நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று 2019-21 குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதனால் பல பள்ளிக்கூடங்களில் பெஞ்சு காலியாகத்தான் செய்யும். காலி அறையை மூடாமல் ஊருக்குத் திறந்துவிட்டால், பள்ளிக்கூடமும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும். மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். பிஸ்கட்டுக்காகப் போனாலும் பரவாயில்லை, போங்கள். போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆறு வயசுக் குழந்தை யார் கையையும் பிடிக்காமல் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதா?

எங்கள் பேரன் இப்போது தனியாகவே போகிறான். பேத்திக்கு எட்டேகால் பஸ் ஒரு நாளும் தப்புவதில்லை. அண்ணாச்சிதான் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருடைய 'நகர்' போர்டில் ஆடுகள் முதுகு சொறிந்துகொண்டிருக்கின்றன!